நுனிக்காலில் நடக்கும் குழந்தை: குதிகால் இறங்குமா, இறங்காதா?

குழந்தை குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நடக்கிறது என்று சொன்னால் போதும், ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். "அதெல்லாம் வளர வளரச் சரியாகிவிடும்" என்பார் ஒருவர். "ஆட்டிசமாக இருக்கும், உடனே காட்டுங்கள்" என்று இன்னொருவர் வயிற்றில் புளியைக் கரைப்பார். "செல்லம் கொடுத்து வந்த பழக்கம், நாலு அதட்டு அதட்டினால் நிற்கும்" என்பார் மூன்றாமவர். முதல் பேச்சை நம்பி வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிற பெற்றோர் உண்டு. இரண்டாவதைக் கேட்டுத் தூக்கம் தொலைத்தவர்களும் உண்டு. மூன்றாவது பேச்சுக்கு விலை கொடுப்பது குழந்தை.

இந்த மூன்றிலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. அந்தக் குழந்தையால் குதிகாலைத் தரையில் வைக்க முடிகிறதா? வைப்பதில்லை என்பது வேறு, வைக்க முடியவில்லை என்பது வேறு. நடை, சமநிலை, சிகிச்சை எல்லாமே இந்த வித்தியாசத்தைப் பொறுத்து மாறுகின்றன. அது ஏன் என்று புரிய, முதலில் சாதாரண நடையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

## சாதாரண நடையில் பாதம் என்ன செய்கிறது?

ஆடு நாற்காலியின் அடியில் இரண்டு வளைந்த கட்டைகள் இருக்கும். பின்னாலிருந்து முன்னால் அவை உருள்வதால்தான் அதில் உட்கார்ந்திருப்பவர் குலுங்காமல் ஆடுகிறார். நடக்கும்போது நம் பாதமும் அப்படித்தான் உருளுகிறது. ஆனால் பாதத்துக்கு ஒரே வளைவு கிடையாது, அடுத்தடுத்து மூன்று இடங்களில் உருண்டாக வேண்டும்.

முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. அதன் உருண்டையான அடிப்பகுதியில் பாதம் மெல்லச் சாய்ந்து முழுமையாகத் தரையில் படிகிறது. இது முதல் உருளல். பிறகு பாதம் அப்படியே நிற்க, கணுக்காலை அச்சாக வைத்து உடம்பு அதன்மேல் முன்னோக்கி நகர்கிறது. இது இரண்டாவது. கடைசியில் குதிகால் எழும்பி, விரல்களின் அடிமூட்டில் பாதம் உருண்டு தரையை உந்துகிறது. இது மூன்றாவது. ஒரு காலின் ஒரு முழு நடைச்சுற்றில் சுமார் 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் இருக்கிறது. மீதி 40 சதவீதம் காற்றில் வீசப்படுகிறது.

இரண்டாவது உருளலில் ஒரு நுட்பம் இருக்கிறது. முழங்கால் நேராக இருக்கும்போதே முன்காலும் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி) பாதமும் ஒன்றையொன்று நெருங்கி, கணுக்கால் ஏறக்குறைய 10 டிகிரி மேல்நோக்கி மடங்க வேண்டும். கணுக்கால் இப்படி மேல்நோக்கி மடங்குவதை இனி 'மேல்மடக்கம்' என்று சொல்கிறேன். கெண்டைச்சதை போதிய நீளம் இருந்தால்தான் இந்த மேல்மடக்கம் கிடைக்கும். அந்தச் சதை கீழே போய்த் தடித்த கயிறுபோலக் குதிகால் எலும்பில் முடிகிறதே, அதுதான் குதிகால் நாண். மருத்துவர்கள் அகில்லிஸ் நாண் என்பார்கள்.

நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்கு முதல் உருளலே இல்லை, இரண்டாவது பாதியில் நின்றுவிடுகிறது. எல்லா வேலையும் மூன்றாவது உருளலின் தலையில் விழுகிறது. நடை துள்ளித் துள்ளிப் போவதுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம்.

## எந்த வயது வரை கவலை வேண்டாம்?

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டி நடக்கத் தொடங்குகின்றன. சில குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். புதிதாக நடக்கும் குழந்தை கைகளைத் தூக்கிக்கொண்டு, கால்களை அகட்டி, அவ்வப்போது நுனிக்காலில் எம்பி எம்பித்தான் போகும். அது நடைபழகும் உடம்பின் சோதனை முயற்சி. ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் குதிகால் முதலில் படும் நடை மெல்லப் பிடிபடுகிறது. பெரியவர்களுடையதைப் போன்ற நடை அமைய ஏழு வயதுவரை ஆகலாம்.

ஆகவே இரண்டு வயதுவரை அவ்வப்போது நுனிக்காலில் நடந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. மூன்று வயதை நெருங்கியும் பெரும்பாலான நேரம் அப்படியே நடந்தால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இதில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கு வயது பார்க்கக் கூடாது. ஒரு காலில் மட்டும் நுனிநடை இருந்தாலும், முன்பு பாதம் பதித்து நன்றாக நடந்த குழந்தை திடீரென்று நுனிக்காலுக்கு மாறினாலும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

எத்தனை குழந்தைகள் இப்படி நடக்கின்றன? சுவீடனின் பிளெக்கிங்கே மாகாணத்தில் ஐந்தரை வயதுக் குழந்தைகள் 1436 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. அந்த வயதிலும் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தவர்கள் 2.1 சதவீதம். முன்பு நடந்து, பிறகு தானாக விட்டவர்கள் 2.8 சதவீதம். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர். இது அபூர்வமான ஒன்றல்ல என்பதைப் பெற்றோர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

## காரணம் என்ன?

நுனிநடை ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சலைப்போல அதுவும் ஓர் அறிகுறி. பின்னால் பல காரணங்கள் இருக்கலாம், எந்தக் காரணமும் அகப்படாமலும் போகலாம்.

காரணம் அகப்படாததே அதிகம். மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்தும் நரம்பிலோ தசையிலோ எலும்பிலோ கோளாறு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் குழந்தை நுனிக்காலில் நடக்கிறது என்றால் அதற்கு 'இடியோபதிக்' நுனிநடை என்று பெயர். காரணம் தெரியாத நுனிநடை என்று பொருள் கொள்ளலாம். குடும்பத்தில் அப்பாவோ சித்தியோ சிறுவயதில் இப்படி நடந்திருப்பது இதில் அடிக்கடி காணப்படுகிறது. மற்ற காரணங்கள் எல்லாம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பெயரைச் சூட்டுவார்கள். பார்த்த மாத்திரத்தில் சூட்டுகிற பெயர் இல்லை இது.

மற்ற காரணங்களில் முக்கியமானது பெருமூளை வாதம். வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும் நிலை இது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, உட்காரவும் நடக்கவும் தாமதமான குழந்தை என்றால் மருத்துவர் இதை முதலில் யோசிப்பார். இன்னொன்று தசைச் சிதைவு நோய். அதில் டுஷேன் வகை அநேகமாக ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. நன்றாக நடந்த பையன் அடிக்கடி விழத் தொடங்குவான். கெண்டைச்சதை பருத்துத் தெரியும். தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளிலேயே கையை ஊன்றி, தன்மேலேயே ஏறுவதுபோல எழுவான். இந்த எழும் விதத்தை 1879-இல் விவரித்த வில்லியம் கவர்ஸ் என்ற மருத்துவரின் பெயரிலேயே அந்த அறிகுறி இன்றும் வழங்குகிறது. கிரியேட்டின் கைனேஸ் என்ற எளிய ரத்தப் பரிசோதனை இதற்குத் துப்புக் கொடுக்கும். முதுகுத்தண்டு வடத்தின் கோளாறுகளும் பரம்பரை நரம்பு நோய்களும் அபூர்வமாக இதன் பின்னால் இருக்கலாம்.

ஆட்டிசம்? ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நுனிநடை மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. அதே சுவீடன் ஆய்வில், நரம்பு வளர்ச்சி சார்ந்த கோளாறோ வளர்ச்சித் தாமதமோ இருந்த சிறு குழுவில் 41.2 சதவீதம் பேர் அப்போதும் நுனிக்காலில் நடந்தவர்கள், அல்லது முன்பு நடந்து பிறகு நிறுத்தியவர்கள். ஆனால் இதைத் தலைகீழாகப் படிக்கும்போதுதான் தப்பு நேர்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் நுனிக்காலில் நடக்கிறார்கள் என்பதால், நுனிக்காலில் நடப்பவர்களுக்கெல்லாம் ஆட்டிசம் என்று ஆகிவிடாது. குழந்தை கண்ணைப் பார்க்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறது, பேச்சு வயதுக்கேற்ப வருகிறது, விரல் நீட்டிக் காட்டுகிறது, விளையாட்டில் உங்களையும் இழுக்கிறது என்றால், நடையை மட்டும் வைத்து அந்த முடிவுக்குத் தாவாதீர்கள். இவற்றில் குறை தெரிந்தால், நடை எப்படி இருந்தாலும் வளர்ச்சிப் பரிசோதனைக்குப் போக வேண்டியதுதான்.

இதுவரை பார்த்தது: பாதம் மூன்று இடங்களில் உருள்வதே நடை, நுனிநடையில் முதலாவது தவறிப்போகிறது. இரண்டு வயதுவரை அது இயல்பு. அதன்பின் தொடர்ந்தால் காரணம் தேட வேண்டும், பெரும்பாலும் பயப்படும்படியான காரணம் இருக்காது. அப்படியானால் சும்மா விட்டுவிடலாமா என்றால், அங்கேதான் கெண்டைச்சதை குறுக்கே வருகிறது.

## 'வைப்பதில்லை' எப்படி 'முடியவில்லை' ஆகிறது?

தசை என்பது நுண்ணிய சுருங்கும் அலகுகள் வரிசையாகக் கோத்த இழைகளால் ஆனது. அந்த அலகுக்கு சார்கோமியர் என்று பெயர். ஒரு தசையை நெடுநாள் குறுகிய நிலையிலேயே வைத்திருந்தால், உடம்பு அந்த வரிசையிலிருந்து சார்கோமியர்களைக் குறைத்துவிடும். பயன்படாத நீளத்தை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. விலங்குகளின் காலை மாவுக்கட்டில் நிறுத்திவைத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. நல்ல செய்தியும் அங்கேயே இருக்கிறது: நீட்டிய நிலையில் வைத்தால் அலகுகள் திரும்பவும் கூடுகின்றன.

குழந்தைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எலும்பு வளர்ந்துகொண்டே போகிறது, தசை அதற்கு ஈடு கொடுத்து நீள வேண்டும். தினமும் முழுமையாக நீட்டப்படும் தசைதான் அப்படி நீளும். குதிகால் தரையில் படாத காலில் கெண்டைச்சதைக்கு அந்த நீட்சி கிடைப்பதே இல்லை. மூன்று வயதில் சொன்னவுடன் குதிகாலை இறக்கிய குழந்தை, எட்டு வயதில் முயன்றும் இறக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். இப்படித் தசையும் நாணும் நிரந்தரமாகக் குறுகிப்போவதைத் தசை இறுக்கம் என்கிறோம்.

எல்லாக் குழந்தைக்கும் இது நடப்பதில்லை. சுவீடனில் நுனிநடை என்று கண்டறியப்பட்ட 63 குழந்தைகளைப் பத்து வயதுவரை பின்தொடர்ந்து பார்த்ததில் 79 சதவீதம் பேர் தாமாகவே விட்டிருந்தார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. 'வளர்ந்தால் சரியாகும்' என்கிற பேச்சில் பெரும்பகுதி உண்மை இருக்கிறது. மீதமுள்ளவர்கள் யார் என்பதை முன்கூட்டியே அறியத்தான் கணுக்காலை அளந்துகொண்டே வர வேண்டியிருக்கிறது.

## சமநிலைக்கு என்ன ஆகிறது?

இப்போதே எழுந்து நுனிக்காலில் நின்று, கண்ணை மூடிப் பாருங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். சில நொடிகளிலேயே உடம்பு ஆடத் தொடங்கும், கெண்டைச்சதை நடுங்கும். அந்தச் சில நொடிகளில் மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன.

முதலாவது, நீங்கள் நிற்கும் இடம் சுருங்கிவிட்டது. நம் உடல் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி ஈர்ப்பு மையம். அது பாதங்கள் அடைத்திருக்கும் பரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரை நாம் விழுவதில்லை. அந்தப் பரப்பைத் தாங்குதளம் என்பார்கள். குதிகாலைத் தூக்கியதும் தாங்குதளத்தின் பின்பகுதி காணாமல் போய், முன்பாதமும் விரல்களும் மட்டுமே மிஞ்சுகின்றன. ஈர்ப்பு மையமும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது.

இரண்டாவது, திருத்திக்கொள்ளும் வழி அடைபட்டது. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் இம்மி இம்மியாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கணுக்காலின் முன்புறத் தசையும் கெண்டைச்சதையும் மாறி மாறி இழுத்து அதைச் சரிசெய்கின்றன. நுனிக்காலில் கெண்டைச்சதை ஏற்கெனவே முழுமூச்சாக இழுத்துப் பிடித்திருப்பதால், கூடுதலாகத் திருத்த அதனிடம் தெம்பு மிச்சமில்லை. அந்த வேலையை இடுப்பும் கைகளும் எடுத்துக்கொள்கின்றன. நுனிக்காலில் நடக்கும் குழந்தைகள் பலர் கையை ஒதுக்கிவைத்து நடப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கணுக்கால் மூட்டுக்குள் உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதம் தட்டையாக இருக்கும்போது அகலமான பகுதி மூட்டில் இறுகப் பொருந்திக்கொள்கிறது. நுனிக்காலில் குறுகலான பகுதி வந்து உட்கார்வதால் மூட்டு சற்று தளர்ந்து, பக்கவாட்டில் பிசகுவது எளிதாகிறது. மேடு பள்ளமான தரையில் இந்தக் குழந்தைகளின் கால் மடங்க இதுவும் காரணமாகலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாத நுனிநடை உள்ள குழந்தைகள் பலர் ஓட்டத்திலும் குதிப்பதிலும் சளைத்தவர்களே இல்லை. வேகமாகப் போகும்போது குறை கண்ணில் படாது. சட்டென்று நிற்கும்போது, ஒற்றைக்காலில் நிற்கும்போது, மெதுவாக நடக்கும்போது, படி இறங்கும்போதுதான் அது தெரியும். படி இறங்கும்போது மேல்படியில் ஊன்றிய கால்தான் உடம்பை மெல்லக் கீழே இறக்குகிறது; அதற்குச் சமதரை நடையைவிட அதிக மேல்மடக்கம் வேண்டும். அது இல்லாத குழந்தை கைப்பிடியை இறுகப் பற்றும், பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கும், அல்லது தொப்பென்று குதித்து இறங்கும். பாதம் முழுவதும் தரையில் பதியக் குந்தி உட்காரச் சொன்னால் பின்னால் சாய்ந்து விழும். அங்கே தவறுவது சமநிலை உணர்வு அல்ல. முன்கால் முன்னே சாய முடியாததால் எடை பின்னால் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இறுக்கம் வந்தபின் உடம்பு வேறு வழிகளையும் தேடுகிறது. குதிகாலை எப்படியாவது இறக்க முழங்கால் பின்னோக்கி வளையும். இடுப்பு முன்னே தள்ளிக் கீழ்முதுகின் வளைவு ஆழமாகும். பாதம் வெளிப்புறமாகத் திரும்பி, உள்வளைவு சரிந்து, தட்டைப்பாதம்போலத் தெரியும். கடைசியில் சொன்னது பெற்றோரை ஏமாற்றிவிடும். குதிகால் தரையில் படுவதுபோல் இருக்கும், உண்மையில் கணுக்கால் மடங்காமல் பாதத்தின் நடுப்பகுதிதான் மடங்கியிருக்கும்.

## வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

செருப்பையோ ஷூவையோ திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் தேய்ந்து, குதிகால் பக்கம் வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தால் நாளின் பெரும்பகுதி நுனிக்காலில்தான் போகிறது. குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது, அதற்குத் தெரியாமல் பாதத்தைக் கவனியுங்கள். "நடந்து காட்டு" என்றால் எல்லாக் குழந்தையும் நல்லபடியாகத்தான் நடந்து காட்டும்.

பிறகு குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நேராக நீட்டுங்கள். ஒரு கையால் குதிகாலைப் பற்றிச் சற்று உள்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதத்தின் நடுப்பகுதி மடங்கி ஏமாற்றாமல் இருக்கத்தான் இது. இன்னொரு கையால் முன்பாதத்தை மெதுவாகக் குழந்தையின் முகத்தை நோக்கி உயர்த்துங்கள். செங்கோணத்தைத் தாண்டிக் கொஞ்சம் தாராளமாகவே வர வேண்டும். செங்கோணத்துக்கே வர மறுத்து இறுக்கமான ரப்பரைப்போல நின்றால் சதை குறுகத் தொடங்கிவிட்டது. முழங்காலை மடக்கியதும் பாதம் சுலபமாக உயர்ந்தால், முழங்காலையும் கணுக்காலையும் தாண்டி ஓடுகிற மேல் கெண்டைச்சதைதான் இறுகியிருக்கிறது என்று பொருள். வலிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டாம். இது உங்கள் தகவலுக்கான சோதனை மட்டுமே, அளவெடுப்பதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ செய்யட்டும்.

வாக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. நடைவண்டியைச் சொல்லவில்லை, குழந்தையை நடுவில் உட்காரவைத்து உருளவிடும் சக்கர வளையத்தைச் சொல்கிறேன். அதில் குழந்தையின் எடையை இருக்கை தாங்குகிறது. கால் விரல்கள் தரையை உந்தித் தள்ளுகின்றன. பாதம் பதித்து எடையைத் தாங்கும் பழக்கம் அதில் வராது. படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகள் காரணமாக கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள்.

## சிகிச்சை எப்படிப் போகும்?

சிகிச்சைக்கு முன்னால் காரணம் தெரிந்தாக வேண்டும். டுஷேன் நோயில் தொடைத்தசை தளர்ந்த பையனுக்கு நுனிக்கால்தான் முழங்கால் மடங்கிவிடாமல் காக்கும் முட்டு. யோசிக்காமல் குதிகாலை இறக்கினால் இருக்கிற நடையும் போய்விடக்கூடும்.

காரணம் தெரியாத வகையில், கணுக்கால் தாராளமாக மடங்குகிற சிறு குழந்தைக்குச் செய்ய வேண்டியது கவனிப்பும் நீட்சிப் பயிற்சியும்தான். நீட்டுவதை மெதுவாக, அரை நிமிடம்போலப் பிடித்துச் செய்ய வேண்டும். விட்டு விட்டு இழுக்கக் கூடாது. குதிகாலால் நடக்கும் பந்தயம், சரிவில் ஏறி நடப்பது, பாதம் பதித்துக் குந்தி உட்கார்ந்து விளையாடுவது என்று விளையாட்டோடு கலந்தால் குழந்தை முரண்டு பிடிக்காது. "காலைக் கீழே வை" என்று நாள் முழுக்கக் கத்துவதால் குதிகால் அந்த நிமிடம் இறங்கும், அடுத்த நிமிடம் ஏறும். நடை என்பது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. இதற்காகக் குழந்தையை அடிப்பதும் மற்றவர் முன்னால் கேலி செய்வதும் மிகப் பெரிய அநியாயம்.

சதை குறுகத் தொடங்கியிருந்தால் தொடர் மாவுக்கட்டு போடுவார்கள். பாதத்தைச் சற்று உயர்த்திய நிலையில் கட்டி, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை பிரித்து, இன்னும் கொஞ்சம் உயர்த்தித் திரும்பக் கட்டுவார்கள். சார்கோமியர்களைக் கூட்டும் அதே உத்திதான். பிறகு கணுக்கால் தாங்கி கொடுப்பதும் உண்டு. கெண்டைச்சதையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியைப் பலர் கேட்கிறார்கள். காரணம் தெரியாத நுனிநடையில் மாவுக்கட்டோடு அந்த ஊசியையும் சேர்த்துப் போட்டுப் பார்த்த சமவாய்ப்பு ஆய்வு (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்யும் ஆய்வு) 2013-இல் வெளியானது, ஊசியால் கூடுதல் பலன் தெரியவில்லை. இறுக்கம் முற்றிப்போன பெரிய குழந்தைகளுக்குத்தான் தசையையோ நாணையோ நீளமாக்கும் அறுவை சிகிச்சை. தேவைக்கு மேல் நீளமாகிவிட்டால் தரையை உந்தும் வலு குறையும் என்பதால் மருத்துவர்கள் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள்.

எந்தச் சிகிச்சைக்குப் பின்னும் நுனிநடை திரும்பி வரலாம். சதை நீண்டுவிட்டாலும் மூளை பழைய நடையையே எடுத்துக்கொள்வதுண்டு. வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் சதை மறுபடி பின்தங்குவதும் உண்டு. ஆகவே கட்டைப் பிரித்த பிறகும் நீட்சிப் பயிற்சி தொடர வேண்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை கணுக்காலின் கோணத்தை அளந்து குறித்து வைக்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும், குழந்தை தன் போக்கில் நடப்பதையும் படி இறங்குவதையும் எடுத்த வீடியோவையும், தேய்ந்த செருப்பையும் கொண்டுபோங்கள். குறைமாதப் பிறப்பா, எந்த வயதில் நடந்தது, எப்போதிலிருந்து நுனிக்கால், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் தயாராக இருந்தால் பரிசோதனை பாதி முடிந்த மாதிரி.